நீண்ட பேச்சை எங்கே வெட்டுவது?

வேலூரை ஒட்டிய காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்தவர் திருமுருக கிருபானந்த வாரியார். 1993 நவம்பரில், லண்டனிலிருந்து திரும்பும் விமானப் பயணத்தில் அவர் உயிர் பிரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு மாலைச் சொற்பொழிவு மணிக்கணக்கில் நீளும். பாரதத்தையோ கந்தபுராணத்தையோ எடுத்துக்கொண்டால் நாள்கணக்கில் தொடரும். அந்தப் பேச்சு கேசட்டாக வீட்டுக்கு வந்தபோது 60 நிமிடம், மிஞ்சினால் 90 நிமிடம் என்று அளவு வந்துவிட்டது. இப்போது கைப்பேசியில் அது ஒரு நிமிடத் துணுக்காகச் சுற்றுகிறது. அதே வட்டாரத்துக் குடியாத்தத்தில் கைலி நெய்கிறவருக்கும் பீடி சுற்றுகிறவருக்கும் கை ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர் யாரோ ஒருவர் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் இருக்கிறார். அவர் பெயர் உறையில் இருப்பதில்லை. ஆனால் பேசியவர் எதைச் சொன்னார் என்று நாம் நம்புகிறோமோ, அதில் பாதி இந்தத் தொகுப்பாளரின் கைவேலை. அந்தக் கைவேலைக்கு ஒரு விதி உண்டு என்று நினைக்கிறேன்: நல்ல நல்ல வாக்கியங்களாகப் பொறுக்கிக் கோக்காமல், முழுமையான சில பகுதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு மற்றதை மொத்தமாக விட்டுவிட வேண்டும். இதை ரசனையாகச் சொல்லவில்லை. மனித நினைவு வேலை செய்யும் விதமும், காது ஒலியைத் தொடரும் விதமும், தமிழ் வாக்கியம் கட்டப்பட்டிருக்கும் விதமும் இந்தப் பக்கமே சாய்கின்றன.

சுருக்குவது புதிய பழக்கமில்லை. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. விடிய விடிய நடந்த நாடகத்தை அந்தக் காலத்தில் பல தட்டுகள் கொண்ட செட்டாகப் பதிந்து விற்றார்கள். பிறகு வந்த நீள்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் இடம் கொடுத்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்தபின் அரை மணி, முக்கால் மணி என்று பக்கம் நீண்டது. வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒரு நிகழ்ச்சி இருந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டரை மணி நேரத் திரைப்படத்தை ஏறக்குறைய ஒரு மணி நேர ஒலியாகச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். படம் பார்க்காதவருக்கும் கதை விளங்கும். 1984இல் வந்த ‘விதி’ படத்தின் வசன கேசட் தேநீர்க் கடையிலிருந்து கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வரைக்கும் முழங்கியது. ஆரூர்தாஸ் எழுதிய அந்த வசனங்கள் ஒலியாக மட்டும் கேட்டபோதும் நின்றதற்குக் காரணம் எழுத்தின் வலிமை மட்டுமில்லை. நீதிமன்றக் காட்சி ஒரே கூடத்தில் நடக்கிறது. பேசுகிறவர்கள் சிலர், அவர்கள் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. கேள்வி வந்தால் பதில் வரும். கண்ணுக்கு வேலையே இல்லாத காட்சி அது. சண்டையும் துரத்தலும் காதுக்கு எதையும் சொல்லாது. அவற்றை மொத்தமாக எடுத்துவிடலாம். விவாதத்தை முழுசாக விட வேண்டும். படங்களை ஒலியாகச் சுருக்கும் வேலையில் நல்ல கை உள்ளவர்கள் காட்சி காட்சியாகவே வெட்டினார்கள். காட்சிக்குள் கத்தி வைப்பது கடைசி வழி.

அது ஏன் சரி என்பதற்கு நினைவைப் பற்றிய ஒரு பழைய சோதனையிலிருந்து தொடங்கலாம். 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர், ஒலிப்பதிவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பத்தியை மக்களைக் கேட்க வைத்தார். நடுவில் நிறுத்தி, முன்பு வந்த ஒரு வாக்கியத்தை மறுபடி சொல்லி, இது அப்படியே வந்ததா, மாறியிருக்கிறதா என்று கேட்டார். வாக்கியம் முடிந்த உடனே கேட்டபோது சொல் அமைப்பில் இருந்த சிறு மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். 80 அசை கடந்தபின், அதாவது அரை நிமிடம்கூட ஆகாத நேரத்தில், சொல் அமைப்பு மாறியதைச் சொல்ல முடியவில்லை. பொருள் மாறியிருந்தால் மட்டும் உடனே பிடித்துக்கொண்டார்கள். கேட்கிறவர் மனம் சொற்களை விரைவில் உதிர்த்துவிட்டுப் பொருளை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு நகர்கிறது. இதற்கு முன்பே, 1932இல், பிரெடரிக் பார்ட்லெட் இன்னொன்றைக் காட்டியிருந்தார்: பழக்கமில்லாத கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னால், மக்கள் விட்டுப்போன இடங்களைத் தங்களுக்குத் தெரிந்த கதைகளின் சாயலில் நிரப்பிக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொகுப்பாளருக்கு ஒரு கடமை புலப்படும். கேட்கிறவர் பொருளைக் கட்டிக்கொள்ள ஒரு கருத்து தொடங்கி, வளர்ந்து, முடியும்வரை நேரம் வேண்டும். அதைக் கொடுக்காமல் இருபது நொடிக்கு ஒரு கருத்தாக மாற்றிக்கொண்டே போனால் அவர் சும்மா இருக்க மாட்டார். தாமே ஒரு பொருளைக் கட்டிக்கொள்வார். அது பேசியவர் சொன்ன பொருளாக இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

கணக்காகவும் பார்க்கலாம். இரண்டரை மணி நேரப் பேச்சை 20 நிமிடமாகக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிடத் துண்டுகளாக எடுத்தால் 40 துண்டு, 39 மூட்டு. நான்கு நிமிடப் பகுதிகளாக எடுத்தால் ஐந்து பகுதி, நான்கே மூட்டு. நீளம் இரண்டிலும் ஒன்றுதான். ஒவ்வொரு மூட்டிலும் கேட்கிறவர், ‘இப்போது எதைப் பற்றிப் பேச்சு, யாரைச் சொல்கிறார், முன்னே சொன்னதோடு இதற்கு என்ன தொடர்பு’ என்று மறுபடி தேட வேண்டும். ‘அவர்’, ‘அது’, ‘அப்போது’ என்று தமிழ்ப் பேச்சில் விழும் சுட்டுச் சொற்கள் ஒவ்வொன்றும் முன்னால் வந்த ஏதோ ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூட்டில் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. வாரியார் ‘அவன் கேட்டான்’ என்றால் அவன் அர்ச்சுனனா, பக்கத்து ஊர்ப் பண்ணையாரா என்பது முந்தைய இரண்டு நிமிடத்தில் இருக்கிறது.

தமிழுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. தொகுப்பு வேலைக்கான பிறமொழிக் கையேடுகளைப் படித்து வேலை பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, நடந்ததா நடக்கவில்லையா, சொல்கிறவர் இதை நம்புகிறாரா, அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறாரா என்ற தீர்ப்பெல்லாம் வாலில் இருக்கிறது. வட ஆர்க்காட்டுப் பேச்சில் ஒருவர், தோல் பதனிடும் டேனரியைப் பற்றி இப்படிச் சொல்வதாகக் கற்பனை செய்துகொள்வோம்: “டேனரிய மூடிட்டா ஊரு உருப்படும்னு எல்லாம் பேசிகினாங்க, எனக்கு அப்படித் தோணல.” இதில் ‘உருப்படும்’ என்பதற்கும் ‘னு’ என்பதற்கும் இடையே ஒரு வெட்டு விழுந்தால் என்ன ஆகும்? “டேனரிய மூடிட்டா ஊரு உருப்படும்.” இலக்கணப்படி குறையில்லாத வாக்கியம், பேசியவரின் குரல், அவர் கருத்துக்கு நேர் எதிரான பொருள். அந்த ‘னு’ நீடிக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. வானொலி நிலையங்கள் பயன்படுத்திய, நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிய ஸ்பூல் நாடாவில் அது மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. வினை முன்னாலேயே வந்துவிடும் மொழிகளில் பாதியில் வெட்டினாலும் ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்ற பகுதி பெரும்பாலும் உள்ளே மாட்டியிருக்கும். தமிழில் அது வெளியே விழுந்துவிடுகிறது. ‘என்பார்கள்’, ‘என்று வைத்துக்கொள்’, ‘போலிருக்கிறது’, ‘ஆம்’, ‘இல்லை’ ஆகிய சிறு சொற்களை எல்லாம் ஒரு தமிழ்த் தொகுப்பாளர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

நல்லவேளையாக, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைத் தமிழ்ப் பேச்சு இசையாகவும் சொல்கிறது. தொடரும் பேச்சில் ஒவ்வொரு சிறு தொடரும் தாழ்ந்த சுருதியில் தொடங்கி ஏறி நிற்கும். முழு வாக்கியம் முடியும்போது சுருதி இறங்கும், கடைசி அசை சற்று நீளும், பிறகு மூச்சு. ஏறி நிற்கிற இடத்தில் வெட்டினால் கேட்கிறவர் காது இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கும். அடுத்த துண்டு அதற்குப் பதிலாக அமையாது. அதேபோல ஒரு பத்தி போன்ற பேச்சுப் பகுதி முழுவதற்கும் ஒரு சரிவு உண்டு. புதுக் கருத்தை எடுக்கும்போது குரல் உயர்ந்து, முடிக்கப்போகும்போது தணியும். உயரத்தில் இருக்கிற ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் தணிவில் இருக்கிற வாக்கியத்தைக் கொண்டுபோய் ஒட்டினால், வெட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பேசுகிறவர் நடுவில் சோர்ந்துவிட்டதுபோலக் கேட்கும். ஒரு வாக்கியத்தை இடம் மாற்றுவதைவிட முழுப் பகுதியை இடம் மாற்றுவது தாங்கும் என்பதற்கு இது ஒரு காரணம். பகுதி தன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தானே சுமந்து வருகிறது.

வெட்டின் இயந்திர நுட்பத்தையும் பார்த்துவிடலாம். ஸ்பூல் நாடாவைப் பிளேடால் செங்குத்தாக வெட்டி ஒட்டினால் ஒட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதனால் 45 பாகை சாய்வில் வெட்டினார்கள். கால் அங்குல அகல நாடாவில் அந்தச் சாய்வு ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். 19 சென்டிமீட்டர் வேகத்தில் அது நொடியில் முப்பதில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்தில் பழைய ஒலி தேய்ந்து புதிய ஒலி வளர்கிறது. கணினியில் இன்று ஒலி பொதுவாக நொடிக்கு 44,100 புள்ளிகளாகவோ அதற்கு மேலாகவோ சேமிக்கப்படுகிறது. அலை மேலே இருக்கும் புள்ளியில் வெட்டி, கீழே இருக்கும் புள்ளியோடு சேர்த்தால் அதே ‘டக்’ வரும். சில மில்லிநொடிக்கு ஒன்றை மங்கவிட்டு மற்றதை எழுப்பினால் மறைந்துவிடும். பிளேடு செய்ததையே மென்பொருள் செய்கிறது. ஆனால் மறையாத இன்னொன்று உண்டு. பேச்சுக்கு அடியில் எப்போதும் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்: மின்விசிறி, ஜெனரேட்டர், பந்தலில் குழந்தை அழுகை, ஒலிபெருக்கிக்குள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முனகும் ஓசை, கல் மண்டபமென்றால் எதிரொலி. காது இவற்றைக் கவனிக்காததுபோல் இருந்தாலும் அவற்றுக்குப் பழகி, அவற்றைக் கழித்துத்தான் பேச்சைப் பிரித்தெடுக்கிறது. கோயில் மண்டபப் பதிவிலிருந்து திடலில் பதிந்த பேச்சுக்குத் திடீரென்று தாவினால் பழகிய கணக்கு தவறி, முதல் சில சொற்கள் கலங்கும். பல நாள், பல ஊர்ப் பதிவுகளைத் துண்டு துண்டாகக் கலக்கும் தொகுப்புகள் களைப்பைத் தருவதற்கு இந்தக் கலக்கமும் ஒரு காரணம். சொற்களில் குற்றமிருக்காது, தரை மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். காது இவ்வளவு மென்மையானதா? ரிச்சர்ட் வாரன் 1970இல் ஒரு சோதனையில், வாக்கியத்தில் ஓர் ஒலியை முழுவதும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எதுவும் விட்டுப்போகவில்லை என்றார்கள். காதே ஓட்டையை அடைத்துக்கொள்கிறதென்றால் தொகுப்பாளர் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா? எனக்கு இந்தச் சோதனை கவலையைக் கூட்டுகிறது. காது மன்னிக்கிறது என்பதால்தான் தவறான வெட்டு பிடிபடுவதில்லை. சத்தமில்லாத, வழுக்கலான ஒட்டு ஒன்றைக் கேட்கிறவர் அதைப் பேசியவரின் தொடர்ச்சியான சிந்தனையாகவே எடுத்துக்கொள்கிறார். அச்சில் மேற்கோளை நடுவில் விட்டால் மூன்று புள்ளி வைக்கும் மரபு இருக்கிறது. ஒலியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே பெரிய தாவல் உள்ள மூட்டில் ஒரு நொடி வெற்றிடமோ, ‘இதே சொற்பொழிவின் பிற்பகுதியில்’ என்று ஓர் அறிவிப்பு வரியோ வைக்க வேண்டும் என்பேன். ஓட்டம் கெடும் என்பார்கள். கொஞ்சம் கெடட்டும். நான்கு மூட்டு உள்ள தொகுப்பில் நான்கு அறிவிப்பு வைக்க முடியும்; 39 மூட்டு உள்ளதில் வைக்க முடியாது. முழுப் பகுதிகளாக எடுப்பதில் இந்த நேர்மைக்கும் இடம் கிடைக்கிறது.

இப்போது மௌனத்துக்கு வருவோம். பதிவைக் குறைக்க எளிதான வழி என்று பல மென்பொருள்கள் ஒரு பொத்தான் வைத்திருக்கின்றன: இடைவெளியை எல்லாம் நீக்கு. யோசித்துப் பேசுகிறவரின் பேச்சில் இடைவெளி கணிசமான பங்கு. நீக்கினால் ஒரு சொல்லும் இழக்காமல் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். பேச்சைச் சுருக்கி ஓட்டும் கருவியை 1954இலேயே கிராண்ட் ஃபேர்பாங்ஸ் குழுவினர் செய்துவிட்டார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 275 சொல் அளவு வரை புரிதல் அதிகம் குறைவதில்லை, அதற்கு மேல் சரிகிறது என்றார்கள். (இந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல்.) 2009இல் ஓடெட் கிட்ஸா, ஸ்டீவன் கிரீன்பர்க் இருவரும் செய்த சோதனை இதில் என்னை அதிகம் கவர்ந்தது. பேச்சை மூன்றில் ஒரு பங்காக நெருக்கினார்கள்; கேட்டவர்களுக்குப் பாதிச் சொற்களுக்கு மேல் தவறின. அதே நெருக்கிய பேச்சைச் சிறு சிறு துண்டாக்கி, நடுநடுவே வெறும் மௌனத்தைச் செருகினார்கள். புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை. ஆனாலும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. மூளை பேச்சை அசைகளின் இயல்பான தாளத்தில் எடுத்துச் செரிக்கிறது. அந்தத் தாளத்துக்கு நேரம் வேண்டும், ஒலி இல்லாத நேரமானாலும் சரி. மௌனம் காலியிடம் என்ற எண்ணத்தையே இது அசைக்கிறது.

பொருளும் மௌனத்தில் இருக்கிறது. உரையாடலில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பத்து மொழிகளில் அளந்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும், சராசரி நொடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லாதவர்கள் அதைவிடத் தாமதித்தார்கள். அதனால்தான் ஒரு முழு நொடித் தயக்கத்துக்குப் பின் வரும் ‘ஆமாம்’, உடனே வரும் ‘ஆமாம்’ ஆகாது. ‘சம்பளம் போதுமானதா இருந்துச்சா?’ என்று கேட்டு, இரண்டு நொடி கழித்து, ‘இருந்துச்சு’ என்று ஒருவர் சொன்னால் அந்த இரண்டு நொடி அவர் பதிலின் பாதி. இடைவெளி நீக்கும் பொத்தான் அவரை மகிழ்ச்சியான தொழிலாளியாக்கிவிடும். மேடைப் பேச்சிலும் இதுவே. வாரியார் முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் பந்தலில் இருப்பவர் அத்தனை பேரும் தமக்குள் பதில் தேடுகிறார்கள். அதை நீக்கினால் கேள்வியும் பதிலும் மிஞ்சும், தேடல் போய்விடும். அரை நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு துணைக்கதையை முழுசாக விடுங்கள். நாற்பது மௌனங்களைக் கொய்யாதீர்கள்.

எந்தப் பகுதியை எடுப்பது என்பதற்கும் பேச்சே வழி சொல்கிறது. வாய்மொழிப் பேச்சாளர்கள் சொன்னதையே சொல்வார்கள். காதுக்குப் பக்கம் புரட்டிப் பார்க்க வழியில்லை. பேச்சின் நடுவில் பந்தலுக்கு வந்து உட்காருகிறவர்களும் இருப்பார்கள். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டு முந்தைய சொல்லை எடுத்துக் கொடுப்பதும் இந்தத் தேவையால் வந்தது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிற காலத்தில் இந்த மறுசொல்லை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். ஆனால் நீக்குவதற்கு முன் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் ஒருவர் எதற்கு ஐந்து முறை திரும்பி வந்தாரோ அதுதான் அவர் எண்ணத்தில் பேச்சின் முதுகெலும்பு. அந்த ஐந்தில் எது நன்றாக விளைந்ததோ அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் விடலாம். ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் தோலை வெட்டுகிறவர் அச்சை முதலில் கண்ட இடத்தில் வைத்து அழுத்துவதில்லை. முதுகுப் பக்கத் தோல் இறுக்கம், வயிற்றுப் பக்கம் இழுபடும் என்று பார்த்து, முன்பக்கத் துண்டை முதுகிலிருந்தும், உள்ளே மறையும் துண்டை ஓரத்திலிருந்தும் எடுக்கிறார். பேச்சிலும் இழுவை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. வாரியாரின் குட்டிக்கதைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கோத்தால் கைதட்டல் நிறைந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். எந்தத் திருப்புகழ் அடியை விளக்க அந்தக் கதை வந்ததோ அது காணாமல் போயிருக்கும். புலமையும் இசைப் பயிற்சியும் உள்ள ஒருவர் வெறும் நகைச்சுவைக்காரராகத் தெரிவார். கதை இறுக்கமில்லாத பகுதி என்று நான் சொல்லவில்லை. பாட்டு, விளக்கம், கதை, மறுபடி பாட்டு என்ற நான்கும் சேர்ந்த வளையத்தை உடைக்காமல் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சில வளையங்களே கொள்ளும். அதுவே போதும்.

‘இன்றைக்கு நான்கு நிமிடம் யார் பொறுமையாகக் கேட்பார்கள்?’ என்பது வலுவான எதிர்ப்பு. துணுக்குகளுக்கு ஈர்ப்பு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் துணுக்கு ஒன்று, தொகுப்பு வேறு. ஒரு நிமிடத் துணுக்கு ஒருவரை அழைக்கலாம்; அது தனியாக நிற்கிற ஒரு குட்டிக்கதையாக இருந்தால் சிதைவும் இல்லை. துணுக்குகளை வரிசையாக ஒட்டி ‘இதுதான் இவர் பேச்சின் சாரம்’ என்று சொல்வதில்தான் தவறு இருக்கிறது. பொறுமை குறைந்ததற்குக் காரணம் நீளமா, சிதறலா என்றும் கேட்க வேண்டும். ‘விதி’ கேசட்டை வேலைக்கு நடுவில் ஒருமணிநேரம் நின்று கேட்டவர்கள் நம்மவர்களே. ஒரு வழக்கு தொடங்கி, நடந்து, தீர்ப்பு வந்தது. முடிவு தெரியும்வரை ஆள் நகரவில்லை.

கணினி எழுத்தாக்கம் இந்த வேலையை எளிதாக்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. பேச்சை எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும். எழுத்தில் ஒரு வரியை அழித்தால் ஒலியிலும் அது போய்விடும். தேடுவதற்கு, வரைபடம் போடுவதற்கு இது பெரிய உதவி. மறுசொல்லைக் குறித்துக்கொள்ள இதைவிட நல்ல கருவி இல்லை. வெட்டுவதற்கு இதை மட்டும் நம்பக்கூடாது. எழுத்தில் சுருதி ஏற்றம் தெரியாது, இரண்டு நொடித் தயக்கம் தெரியாது. தவிர, குடியாத்தம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒருவர் தமிழில் தொடங்கி, அம்மா சொன்னதைத் தெலுங்கில் சொல்லி, முதலாளி சொன்னதை உருதில் சொல்லி, தமிழில் முடிப்பார். ‘பேசிகினு’, ‘கீது’, ‘இன்னா’ என்று ஓடும் பேச்சு வேறு. பெரும்பாலும் செய்தி வாசிப்புத் தமிழில் பயின்ற இயந்திரம் இங்கே தடுமாறினால் வியப்பில்லை. தடுமாறுகிற இடங்கள் பெரும்பாலும் அடுத்தவர் கூற்றை எடுத்துச் சொல்லும் இடங்கள். யார் சொன்னது என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது. எழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தபின் காதால் கேட்டு வெட்டுவதைத் தவிர வேறு வழி இப்போதைக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான மறுப்பு ஒன்று இருக்கிறது: எந்தத் தேர்வும் சிதைவுதான், முழுப் பகுதியானாலும் துண்டானாலும். ஆகவே வெட்டவே கூடாது, முழுப் பதிவையும் அப்படியே கொடுத்துவிட வேண்டும். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நான்கு நிமிடப் பகுதியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கை இருக்கிறது; அது பேசியவர் கை இல்லை. இரண்டாம் பாதி நடைமுறையில் யாருக்கும் உதவாது. குடியாத்தம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்ற உறுப்பினராக நின்று வென்ற இடைத்தேர்தல் குடியாத்தத்தில் நடந்தது. அன்று பத்து வயதில் இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. பாலாற்றுக் கிணற்று நீர் மாறியதைக் கண்ணால் பார்த்த விவசாயிகளும், டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இவர்களிடம் பேசிப் பதிவு செய்தால் ஒருவருக்கு மூன்று மணி நேரம் வரும். இருபது பேரென்றால் அறுபது மணி நேரம். அதை முழுவதும் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காத பதிவு இல்லாத பதிவுக்குச் சமம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நேரத்துக்குள் கேட்கும்படி 40 நிமிடத் தொகுப்பு ஒன்று இருந்தால் அந்த அறுபது மணி நேரத்துக்கும் வாசல் கிடைக்கும்.

அதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். தொகுப்பின் ஒவ்வொரு பகுதியும் எந்தப் பதிவின் எத்தனையாவது நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை எடுக்கப்பட்டது என்று தொகுப்போடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். ஐந்து பகுதிக்கு ஐந்து வரி போதும்; சந்தேகப்பட்டவர் மூலத்தில் அந்த இடத்துக்கு நேராகப் போய் முன்னும் பின்னும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவதாக, மூலப் பதிவு அழியாமல் இருக்க வேண்டும். இதில்தான் நாம் மிகவும் அலட்சியமாக இருக்கிறோம். கேசட் நாடாவின் காந்தப் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது, நாடா ஒட்டிக்கொள்கிறது, ஓட்டும் கருவிகளும் பழுது பார்ப்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். வட ஆர்க்காட்டு வீடுகளில் சொற்பொழிவு, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம், இஸ்லாமியச் சமய உரையான பயான் என்று பதிந்த கேசட்டுகள் இன்னும் பரணில் கிடக்கும். அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது முதலில் சுருக்காமல், இடைவெளியும் இரைச்சலும் உட்பட முழுசாக, தரம் குறைக்காத கோப்பாக ஏற்றி, தேதியும் ஊரும் தெரிந்தவரைக்கும் குறித்துவைத்துவிட்டு, அதன்பிறகு தொகுப்பு வேலையைத் தொடங்க வேண்டும்.